கடப்படியில் நின்றவர்

அன்பு மகன்,

போன கிழமை நீ கொழும்பிலிருந்து பேசியபோது, உன் கல்யாண அலுவல்களெல்லாம் கதைத்து முடித்து, தொலைபேசியை வைக்கப்போகும் நேரத்தில் ஒன்று சொன்னாய். "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அம்மா. நான் அப்பா மாதிரிக் குடும்பத்த விட்டுப்போட்டுப் போற ஆள் இல்ல." என்னைத் தேற்றத்தான் சொன்னாய் என்று தெரியும். நானும் "ஓம் மகன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்த "ஓம்" பொய். பதினாறு வருடமாக உனக்கு நான் சொல்லிவந்த பொய்களில் அதுதான் கடைசியாக இருக்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆனால் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிட்டு, "சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்கியவள் நான். என் சொந்த மகனுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. இதுதான் முதல். அவசரமில்லாமல், ஒரு லீவு நாளில் தனியாக இருந்து படி. படித்தபிறகு, நீ விரும்பினால், மதுராவுக்கும் காட்டு. அவள் வீட்டுக்குத்தானே நீ போகப்போகிறாய்.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான். அவன் பிறந்து வளர்ந்த வீடு அவனுடைய தங்கைக்குப் போகும். நீ கண்விழித்த நாளிலிருந்து பார்க்கிற வழக்கம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நல்ல வழக்கம்தான் அது. புருஷன் செத்தாலும், குடித்தாலும், ஓடிப்போனாலும் இந்த ஊரில் ஒரு பெண்ணும் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்ததில்லை. ஆனால் பிறந்த வீடு தங்கையுடையதாகவும், வந்த வீடு மனைவியுடையதாகவும் இருக்கிற மனிதனுக்கு எது வீடு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவன் இருக்கிற இடம்தானே அவன் வீடு என்று விட்டுவிட்டோம். இருப்பதும் உரிமையோடு இருப்பதும் ஒன்றல்ல, மகன். அது எனக்கு விளங்க இவ்வளவு காலம் ஆனது.

உன் அப்பா உன்னிச்சையிலிருந்து பழுகாமத்துக்கு மாப்பிள்ளையாக வந்தபோது ஒரு சைக்கிளும் ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்தார். அந்தப் பெட்டி எங்கள் கட்டிலுக்குக் கீழே இருந்தது உனக்கு நினைவிருக்கும். அவருடைய உடுப்பெல்லாம் அதற்குள்தான். அலுமாரியில் நாலு தட்டு இருந்தது. ஒரு தட்டை ஒதுக்கி "இது உங்களுக்கு" என்று நான் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பதினாலு வருடம் ஒரு மனிதர் குனிந்து கட்டிலுக்குக் கீழே இருந்து சேட்டு எடுத்துப் போட்டிருக்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் 'உன்னிச்சையார்'. நீயும் உன் தங்கச்சி வதனியும் பிறந்து, பள்ளிக்கூடம் போய், நீ உயரமாக வளர்ந்தபிறகும் அவர் உன்னிச்சையார்தான். அங்கே அவருடைய ஊரில் அவரைப் 'பழுகாமத்தார்' என்று சொல்வார்கள் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் கேட்பார். "புள்ள, இந்த மாங்கொப்ப வெட்டட்டா?" "புள்ள, கிணத்தடிக்கு ரெண்டு கல்லுப் போடட்டா?" என்ன தன்மையான மனிதர் என்று எனக்குப் பெருமை. பக்கத்து வளவில் கல்யாணம் முடித்திருந்த உன் பெரிய மாமாவும், "நம்மட மாப்பிள்ள சத்தம் போடாத ஆள்" என்று புகழ்வார். சத்தம் போட அவருக்கு இங்கே இடமில்லை என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

பிறகு யுத்தம் வந்து, வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரை முழுவதும் எழும்பி, வாவியைக் கடந்து அந்தப் பக்கம் எழுவான்கரைக்கு ஓடினோம். உனக்கு அப்போது பத்து, பதினொரு வயது. ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் நாலு குடும்பம் இருந்தோம், நடுவில் சீலை கட்டி. நீ அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தண்ணீர் வரிசையையும், ஈரப் பாயையும், சொறியையும்தான் சொல்வாய். நான் ஒன்று சொல்கிறேன், நம்பு. உன் அப்பா என்னோடு சந்தோசமாக இருந்த காலம் அதுதான். அங்கே அவர் என்னிடம் எதற்கும் கேட்கவில்லை. மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். தண்ணீர் வவுசர் லொறி வந்தால் முதல் ஆளாக நின்று, வயது போனவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஒரு நாள் மழையில் கூரை ஒழுக, உன்னையும் வதனியையும் மேசைக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு, அவர் ஒரு வாளியைத் தலைக்குமேல் பிடித்தபடி கதை சொன்னார். நாலு குடும்பமும் சீலையை விலக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. அவரை யாரும் உன்னிச்சையார் என்று கூப்பிடவில்லை. 'வதனிட அப்பா' என்றார்கள். அந்த வகுப்பறையில் எனக்கும் வீடில்லை, அவருக்கும் வீடில்லை. அதனால் நாங்கள் இரண்டு பேரும் சரிக்குச் சரியாக இருந்தோம்.

திரும்பி வந்தபோது நம் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. முற்றத்தில் ஆள் உயரத்துக்குப் புல். நான் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டேன். உன் அப்பா அன்றைக்கே கத்தியை எடுத்துப் புல்லை வெட்டத் தொடங்கினார். கிணற்றை இறைத்தார், சுவர் வைத்தார், வாசல் நிலையைத் தானே இழைத்துப் பூட்டினார். நீ ஆணி எடுத்துக் கொடுத்தாய். ஏழு மாதம் அவருடைய கை தோலுரிந்திருந்தது. காணி உறுதிப் பத்திரம் என் பெயரில் இருந்தது. வீடு அவருடைய கையால் எழும்பியது. மனதிலே அவர் அதை 'நம்மட வீடு' என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளக்கூடாதா?

அடுத்த வருடம், உனக்குப் பதின்மூன்று வயது, அவர் தன் தங்கச்சி புஷ்பத்தையும் அவளுடைய நாலு வயதுப் பிள்ளையையும் உன்னிச்சையிலிருந்து கூட்டிவந்தார். புஷ்பத்தின் புருஷன் அந்தக் கெட்ட காலத்தில் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. அவளுடைய வீடு சுவர் மட்டும் நின்றது. "கொஞ்ச நாளைக்கு இஞ்ச இரிக்கட்டும் புள்ள" என்றார். கேட்கவில்லை, சொன்னார். பதினாலு வருடத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். எனக்கு அது முள்ளாகத் தைத்தது. உன் பெரிய மாமா வேலிக்கு மேலால், "மாப்பிள்ள வந்தாச் சரி. மாப்பிள்ளைட ஊரே வந்தா என்ன செய்யிற?" என்று கேட்டார். அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் நடந்து வந்தேன். புஷ்பம் குசினியைக் கழுவித் துடைத்து, அரிசி டிரம்மை ஜன்னலடிக்கு மாற்றி, என் அம்மாவின் சட்டிபானைகளை வேறு தட்டில் அடுக்கியிருந்தாள். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் செய்தாள். எனக்கோ தலைக்கு ஏறிவிட்டது. "ஆரக் கேட்டு மாத்தின?" என்று கத்தினேன். அவள் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றுக் கோப்பையும் கையுமாக எழும்பி வந்தார். "ஏன் புள்ள, அவ நம்மட ஆள்தானே. நம்மட வீட்டில ஒரு சாமான மாத்தி வச்சா என்ன?" என்றார்.

நான் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன். "நம்மட வீடில்ல. இது என்ட வீடு. ஆர் இரிக்கிற, ஆர் போற எண்டு நான்தான் சொல்லுவன். நீங்களும் வந்த ஆள்தான்."

நீ அப்போது ரியூசனுக்குப் போயிருந்தாய். வதனி நித்திரை. கேட்டது புஷ்பமும் அந்தச் சின்னப் பிள்ளையும்தான். உன் அப்பா என்னை ஏசவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார். வெளியே போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, "சரி புள்ள" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் விடிய, வெள்ளண பஸ்சுக்கு மூன்று பேரும் வெளிக்கிட்டார்கள். "தங்கச்சியக் கொண்டு விட்டுட்டு வாறன்" என்றார். கையில் தகரப் பெட்டி இருந்தது. தங்கச்சியை விடப்போகிறவருக்குப் பெட்டி எதற்கு என்று எனக்கு விளங்கியது. கேட்கவில்லை. நம் பக்கத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற யாரும் 'போறன்' என்று சொல்வதில்லைதானே, மகன். அவரும் சொல்லவில்லை.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் வட்டையில் அவருக்குத் தகப்பன் வழியில் வந்த இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு வாடி போட்டுக்கொண்டு தங்கிவிட்டார். கம்பும் ஓலைக் கிடுகுமாக, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு குடில். புஷ்பத்தின் வீட்டுக் கூரையைப் போட்டுக்கொடுத்தார். ஆனால் அங்கே இருக்கவில்லை. அதுவும் ஒரு பெண்ணின் வீடு அல்லவா.

ஒவ்வொரு வெள்ளாமை வெட்டு முடிந்தபிறகும் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் நெல் மூட்டைகளோடு வருவார். வந்து, கடப்படியில் நிற்பார். வேலியின் நடுவில் ஆள் நுழைய விட்டிருக்கும் அந்த இடத்தில், தான் நட்ட கட்டையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள" என்று கூப்பிடுவார். ஊர் பேர் தெரியாதவன் ஒருவன் வந்து நிற்பதுபோல. நான் விறாந்தைக்கு வருவேன். "பிள்ளையள் சுகமா?" "ஓம்." "மூட்டைய எங்க இறக்க?" "அதில இறக்குங்க." இவ்வளவுதான் பேச்சு. அவர் என்ன எதிர்பார்த்து நின்றார் என்று எனக்குத் தெரியும். "உள்ளுக்கு வாங்க" என்ற இரண்டு சொல். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், சொந்தப் பொஞ்சாதியின் வீட்டுக்குள் வர ஒரு மனிதருக்கு அழைப்பு வேண்டுமா, உரிமை இருந்தால் நேரே வந்து கதிரையில் இருக்கட்டுமே என்று. 'வந்த ஆள்' என்று சொன்ன வாயே, அவர் உரிமையோடு உள்ளே வரவேண்டும் என்று காத்திருந்தது. என் பைத்தியக்காரத்தனத்தைப் பார்.

ஒரு பொங்கலுக்கு முதல் நாள் வந்தார். வெளுத்த சேட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். புதுநெல் குற்றிய அரிசியும், ஒரு பூசணிக்காயும், ஒரு உடுப்புப் பையும். லேண்ட்மாஸ்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நான் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன். இரண்டு கோப்பையில் ஊற்றியும் வைத்துவிட்டேன். இன்றைக்குக் கூப்பிட்டுவிடுவது என்ற நினைப்போடுதான் விறாந்தைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்து, "வதனிக்கு உடுப்புக் கொண்டாந்தன்" என்றார். என் வாயிலிருந்து வந்தது, "வச்சிட்டுப் போங்க." ஏன் அப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பக்கத்து வளவில் உன் பெரிய மாமா நின்றதாலா, பழக்கமா, மமதையா. அவர் பையைக் கடப்படிக் கட்டையில் மாட்டிவிட்டுப் போனார். நான் குசினிக்குள் வந்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணியையும் நானே குடித்தேன்.

நீ கேட்டாய். எத்தனையோ தடவை கேட்டாய். "அப்பா ஏம்மா இஞ்ச இரிக்கிறல்ல?" முதல் தடவை நீ கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நான் ஒரு பிழையான கதை கதைச்சிட்டன் மகன்" என்று சொல்லியிருந்தால், நீ அடுத்த பஸ்சில் போய் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்திருப்பாய். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது முடியும். பெரியவர்களுக்குத்தான் முடியாது. நான் சொன்னேன், "அவருக்கு நம்மள விட வயல்தான் பெரிசு." அந்த ஒரு வசனத்தை வைத்து நீ உன் தகப்பனை அளந்தாய். சில வருடத்தில் அவர் வருகிற நாட்களில் நீ வாவிக்கரைக்குப் போய்விடப் பழகினாய். நீ எங்கே என்று அவர் கண்ணால் தேடுவதை நான் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தாறுமூலைக் கம்பசில் நீ முதல் வருடம் படித்தபோது லீவுக்கு வந்து, சோறு தின்றுகொண்டே சொன்னாய். "அந்தாள் கம்பசுக்கு வந்து கேற்றடியில நிண்டாரு அம்மா. நான் மற்றப் பக்கத்தால போயிட்டன்." அதில் ஒரு வெற்றி இருந்தது உன் குரலில். எனக்காகச் செய்ததுபோல. மத்தியான பஸ் வரும்வரை நின்றாராம், கையில் ஏதோ பார்சல் இருந்ததாம், உன் கூட்டாளி பார்த்தானாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழும்பிப்போய் உன் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, ராசா. அன்றைக்கு நீ செய்தது நான் பழக்கியது. அதைத் தூக்கிச் சுமக்காதே. அது என் பாரம்.

அடுத்த வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வயல் வேலைக்காரருக்கு வருகிற எலிக்காய்ச்சல். நாலைந்து நாள் சும்மா தடிமன் காய்ச்சல் என்று வாடியில் தனியாகக் கிடந்திருக்கிறார். புஷ்பம் தற்செயலாகப் போய்ப் பார்த்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டு எனக்குப் போன் அடித்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது கண் மஞ்சளாக, உதடு வெடித்துக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழும்பி இருக்கப் பார்த்தார். ஒரு தாதி வந்து, பத்திரத்தில் எழுதுவதற்கு விபரம் கேட்டாள். பெயர் சொன்னார். வயது சொன்னார். "விலாசம் ஐயா?" என்று கேட்டாள்.

அவர் கிறுகித் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு மூன்று நாள் எடுத்தது. அவர் என்னிடம் கேட்டார், மகன். மாங்கொப்பை வெட்டட்டா என்று கேட்பதுபோல, வாய் திறக்காமல் கேட்டார். உன் வீட்டு விலாசத்தைச் சொல்லட்டா என்று. நான் சொல்ல வாயெடுத்தேன். சொல் வெளியே வரவில்லை. அழுகையா, வெட்கமா, இத்தனை நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதா தெரியாது. கொஞ்ச நேரம்தான். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். அதற்குள் அவர் தாதியின் பக்கம் திரும்பி, "உன்னிச்சை" என்றுவிட்டார். தாதி எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அதற்கிடையில் நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வாயைத் துடைத்துவிட்டேன், ஆனால் அந்த ஒரு சொல்லைத் திருத்தவில்லை. நாளைக்குச் சொல்லலாம், சுகமானதும் கூட்டிக்கொண்டே போய்விடலாம் என்று இருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது உனக்கும் தெரியும். பிரேதத்தை எங்கே கொண்டுபோவது என்று உன் பெரிய மாமா கேட்டார். நீ சொன்னாய், "நம்மளோட இரிக்காத ஆள ஏன் நம்மட வீட்டுக்குக் கொண்டு போகணும்?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். புஷ்பம் என் கையைப் பிடித்து, "அப்ப நான் அண்ணனக் கொண்டு போறன் மச்சாள்" என்றாள். என் வாயால் கேட்டதை அவள் அன்றைக்குக்கூட யாரிடமும் சொல்லவில்லை. உன்னிச்சையில் முதல் பிடி மண் நீதான் போட்டாய். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நீ வரவில்லை. கம்பசில் சோதினை என்றாய்.

வதனிக்குக் கல்யாணம் முடித்து, வீட்டை அவள் பெயருக்கு எழுதி இரண்டு வருடமாகிறது. நல்ல பிள்ளை அவள், ஒருநாளும் என்னை முகம் சுளித்துப் பார்த்ததில்லை. மருமகனும் தங்கமான பொடியன். அவர் வந்த புதிதில், "மாமி, ரீவி போடட்டா?" என்று கேட்பார். கேட்கும்போதெல்லாம், "உங்கட வீடு மகன், கேக்காதீங்க" என்பேன். அவர் சிரிப்பார். இரண்டு மாதத்துக்கு முன் உன் அப்பாவின் ஒரு படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு எடுத்துவந்தேன். இவ்வளவு காலமும் அவருடைய படம் ஒன்று இந்த வீட்டில் தொங்கவில்லையே என்று. ஆணியும் சுத்தியலும் எடுத்துவைத்துவிட்டு, "வதனி, முன்சுவரில ஒரு ஆணி அடிக்கட்டா?" என்று கேட்டேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், "பொறுங்கம்மா, அவர் வரட்டும், கேட்டுச் சொல்றன். புதுசாப் பெயின்ற் அடிச்ச சுவர்" என்றாள். அதில் ஒரு பிழையும் இல்லை. பின்னேரம் மருமகனே வந்து நல்ல இடம் பார்த்து அடித்துத் தந்தார். ஆனால் அந்தப் பகல் முழுவதும் நான் ஒரு ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பிறந்த வீட்டின் நடுவில் நின்றேன். பதினாலு வருடம் உன் அப்பா எப்படி நின்றார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உடம்பில் தெரிந்தது.

நீ மதுராவின் ஊரான வந்தாறுமூலைக்குப் போகிறாய். மதுரா நல்ல பெண், அவளுடைய ஆட்களும் நல்ல ஆட்கள். ஆனால் நாங்களும் நல்ல ஆட்கள்தான், மகன். நல்ல ஆட்களிடமிருந்துதான் உன் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆகவே சொல்கிறேன். போன முதல் நாளே உன் உடுப்பை அலுமாரியில் வை. எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டு நிற்காதே. கேட்கவேண்டியதை மட்டும் கேள். உன் தங்கச்சி வந்து நாலு நாள் தங்கவேண்டும் என்றால் முன்கூட்டியே மதுராவோடு கதை, அவளுக்கும் அது தன் முடிவாக இருக்கட்டும். அவள் ஒருநாள் கோபத்தில் ஏதாவது சொல்லுவாள். வீட்டுக்காரிகள் வாய்க்கு முதலில் வருவது அந்தச் சொல்தான். சொன்னால், "சரி" என்று மட்டும் சொல்லாதே. திருப்பி ஏசு, சண்டை பிடி, சாப்பிடாமல் படு, ஆனால் உள்ளேயே படு. ஒரு தடவை கடப்படிக்கு வெளியே போய் நின்றால், திரும்பி உள்ளே வருகிற தூரம் வாவியை நீந்திக் கடக்கிற தூரம். மதுரா, நீ இதைப் படித்தால் உனக்கும் ஒன்று, மகள். அவன் வாசலில் நிற்கக் கண்டால், யாருடைய பிழை என்று பார்க்காதே. கூப்பிடு. தேத்தண்ணி ஆறமுதல் கூப்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிச்சை வயலுக்குப் போனேன். அவர் அங்கே இருந்த ஏழு வருடத்தில் ஒரு நாளும் போகாதவள், அவர் போய் ஒன்பது வருடத்துக்குப் பிறகு போனேன். புஷ்பம் வயலடிவரைக்கும் கூட்டிவந்துவிட்டு, "நீங்க போய்ப் பாருங்க மச்சாள்" என்று வாய்க்கால்கட்டில் நின்றுகொண்டாள். வாடி இன்னும் நிற்கிறது. ஏறாவூரைச் சேர்ந்த சலீம் காக்கா என்பவர், உன் அப்பாவுக்கு அண்ணன் மாதிரி, பக்கத்து வயல்காரர். இப்போது நம் வயலையும் அவர்தான் செய்கிறார். ஒவ்வொரு போகத்துக்கும் கிடுகு மாற்றி அந்த வாடியை அவர் விழாமல் வைத்திருக்கிறார். தலை நரைத்த, பெரிய உருவமான மனிதர். நான் யாரென்று சொன்னதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, "வாங்க தங்கச்சி, உள்ளுக்கு வாங்க, உள்ளுக்கு வந்து இரிங்க" என்றார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே கதைத்தார். உன் அப்பா வரப்புக் கட்டினால் நண்டும் துளைக்காதாம். உன்னைப் பற்றித்தான் எப்போதும் பேச்சாம், "மகன் கம்பசுக்கு எடுபட்டுட்டான்" என்று வட்டை முழுவதும் வெல்லம் கொடுத்தாராம்.

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாங்க அவருக்குப் பகிடி பண்ணுவம் தங்கச்சி. என்ன தம்பி, பொஞ்சாதிய ஒரு நாளைக்காவது இந்தப் பக்கம் காட்டுறல்லியா எண்டு. அவர் சொல்லுவாரு, என்ட மனிசி டீச்சர், காக்கா. கெட்டிக்காரி. எல்லாத்துக்கும் துணிஞ்சவ. ஆனா ஆனைக்கு மட்டும் சரியான பயம். இஞ்ச ஆனை வாற இடம்தானே, அதான் வாறல்ல. நான்தான் வர வேணாம் எண்டு சொல்லி வச்சிரிக்கன் எண்டு." சொல்லிவிட்டு, "இப்ப பயம் தெளிஞ்சிட்டா தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா. இப்ப பயமில்ல" என்றேன்.

அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஏழு வருடம் ஒரு மனிதர் அந்நிய ஆட்களுக்கு நடுவில் காப்பாற்றி வைத்த என் மானத்தை நானே உடைக்க எனக்கு மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு முதல் ஒரு நாள் லீவு போட்டு வா, இரண்டு பேருமாகப் போவோம். சலீம் காக்கா உன்னிடமும் அதைச் சொல்லுவார். நீயும் சிரித்துக்கொண்டு கேட்டிரு. உனக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன், மகன்: நான் ஒருநாளும் ஆனைக்குப் பயந்தவள் இல்லை.

அம்மா